தெருக்குழாயில் நூலாக வரும் தண்ணீர்: செட்டிநாட்டு வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

காரைக்குடியிலும் சுற்றுவட்டத்து ஊர்களிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குழாய் வேலை பார்த்து வருகிறேன். வெளியூரிலிருந்து இங்கே குடிவருபவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தெருவில் தண்ணீர் வருகிறது, எங்கள் வீட்டுக்குள் மட்டும் ஏன் நூல் மாதிரி வருகிறது?" கேட்டுவிட்டு, பதில் தெரியும் முன்பே கடைக்குப் போய் ஒரு மோட்டார் வாங்கி வந்துவிடுகிறார்கள். அதைத் தெருக்குழாய் இணைப்பில் பொருத்தித் தரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நான் பொருத்துவதில்லை. ஏன் பொருத்துவதில்லை, அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதை வரிசையாக எழுதுகிறேன். பெரிய செலவு எதுவும் செய்வதற்கு முன் ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள்.

இந்த ஊர் வீடுகளுக்கு நான் கண்ட வழி இதுதான்: தண்ணீர் தானாக எந்த உயரம் வரை வருகிறதோ அந்த உயரத்தில் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேலே ஏற்றும் வேலையை நம் வீட்டுக்குள், நம் தொட்டியிலிருந்து செய்துகொள்ள வேண்டும்.

வீட்டின் அமைப்பே பாதிக் காரணம்

செட்டிநாட்டு வீடுகள் இரண்டு விதத்தில் தண்ணீரைச் சோதிக்கின்றன. ஒன்று உயரம். தெருவிலிருந்து படியேறித்தான் திண்ணைக்கே போகிறோம். பல வீடுகளில் தரைமட்டம் தெருவைவிட நான்கைந்து அடி மேலே இருக்கும். இரண்டாவது நீளம். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீடுகள் இங்கே சாதாரணம். முகப்பு, நடுவில் முற்றம் உள்ள வளவு, இரண்டாங்கட்டு எல்லாவற்றையும் கடந்து அடுப்படிக்கு வருவதற்குள் குழாய் 100 அடிக்கு மேல் ஓடிவிடுகிறது.

உயரத்தின் கணக்கு எளிது. 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். குழாய்க்காரர்கள் இதையே ஒரு கிலோ என்பார்கள். அப்படியானால் ஐந்தடி மேடு ஏற மட்டும் 0.15 பார் போய்விடுகிறது. தெருவில் மொத்தமே 0.2 அல்லது 0.3 பார் இருக்கும் நாளில் இது பெரிய இழப்பு.

நீளத்தின் கணக்கைப் பலரும் நம்ப மறுக்கிறார்கள். ஓடும் தண்ணீர் குழாயின் சுவரோடு உரசி வலுவை இழந்துகொண்டே வரும். அரை அங்குலப் புதுக்குழாயில் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 மீட்டர் தூரம் போவதற்குள் சுமார் மூன்றரை மீட்டர் உயரத்துக்குரிய அழுத்தம் தேய்ந்துவிடும். அதே தண்ணீர் ஒரு அங்குலக் குழாயில் போனால் தேய்மானம் ஓர் அடி அளவுதான். குழாயின் அகலம் இரண்டு மடங்கு ஆனால் தேய்மானம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பழைய வீடு ஒன்றில் முகப்பிலிருந்து அடுப்படி வரை அரை அங்குலத்திலேயே இழுத்திருந்தால், தெருவில் தண்ணீர் விடுபவரைக் குறை சொல்வதற்கு முன் அந்தக் குழாயைப் பாருங்கள்.

முதல் நாள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

அடுத்த வீட்டில் கேளுங்கள். "ஆச்சி, உங்கள் வீட்டில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும்? எவ்வளவு நேரம் நிற்கும்? தினமுமா, ஒருநாள் விட்டு ஒருநாளா?" இந்த மூன்று பதிலும் இல்லாமல் எந்த வேலையும் தொடங்க முடியாது. அவர்கள் வீட்டிலும் நூலாகத்தான் வருகிறது என்றால் சிக்கல் தெருவில் இருக்கிறது. அவர்களுக்கு நன்றாக வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் சிக்கல் உங்கள் இணைப்பில் இருக்கிறது.

தண்ணீர் திறந்துவிடுபவரையும் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். ஊராட்சிகளில் அவரை டேங்க் ஆபரேட்டர் என்பார்கள். காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனது. கானாடுகாத்தான், பள்ளத்தூர் ஆகியவை பேரூராட்சிகள். சிற்றூர்களில் ஊராட்சி மன்றம் பார்த்துக்கொள்கிறது. யார் பொறுப்பாக இருந்தாலும், எந்தத் தெரு வால்வை எப்போது திறக்கிறார்கள், உங்கள் வீடு அந்தக் குழாயின் தொடக்கத்தில் இருக்கிறதா கடைசியிலா என்பது திறப்பவருக்கு அத்துப்படி. கடைசி வீடு என்றால் முதல் அரைமணி நேரம் காற்றுதான் வரும். குழாய் சீறும், துப்பும், பிறகுதான் தண்ணீர். அதைக் கோளாறு என்று நினைத்து எதையும் கழற்ற வேண்டாம்.

அளந்து பாருங்கள்: ஒரு வாளி, ஒரு மட்டக் குழாய்

கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் ஒளி ஊடுருவும் குழாய் தெரியும் அல்லவா? அதில் 30 அடி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே 10 லிட்டர் அளவு தெரிந்த ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும்.

முதலில் வாளி. தண்ணீர் நன்றாக வரத் தொடங்கிக் கால்மணி நேரம் ஆனபின், மற்ற எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தெருவுக்கு மிக அருகில் உள்ள குழாயை முழுதாகத் திறந்து வாளியை நிரப்புங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 600 லிட்டர் வருகிறது. மூன்று நிமிடம் ஆனால் 200 லிட்டர். பிறகு அடுப்படிக் குழாயில் அதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மட்டக் குழாய். இதைப் பள்ளத்தூரில் ஓர் ஆச்சி வீட்டில் செய்ததைச் சொன்னால் எளிதில் விளங்கும். முகப்பை ஒட்டி, தெருமட்டத்தில் ஒரு குழாய்க்குழி இருந்தது. காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விட்டார்கள். குழாயின் வாயில் என்னுடைய மட்டக் குழாயை மாட்டி, கிளிப் போட்டு இறுக்கினேன். மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு முகப்புப் படி ஏறினேன். உள்ளே குமிழிகளோடு தண்ணீர் ஏறி வந்தது. திண்ணையைத் தாண்டியது, தூணில் ஓர் ஆள் தொடையளவுக்கு வந்தது, அங்கே நின்றுவிட்டது. குழாயை எவ்வளவு தூக்கிப் பிடித்தாலும் தண்ணீர் அதே இடத்தில் நின்று மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. ஆச்சி வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு விரல் சுண்ணாம்பை எடுத்து, அந்த மட்டத்தில் தூணில் ஒரு கோடு இழுத்தார்.

டேப் வைத்து அளந்தோம். குழிக்குழாயிலிருந்து கோடு வரை 7 அடி. வீட்டின் தரை அந்தக் குழாயைவிட நாலரை அடி மேலே. அடுப்படிக் குழாய் தரையிலிருந்து 3 அடி. ஆக அடுப்படிக்கு ஏழரை அடி வேண்டும். வருவதோ ஏழு.

"இதற்கு மேல் ஏறாதென்றால் ஏறாதுதானே தம்பி. கீழேயே பிடிப்போம்" என்றார் ஆச்சி. பொறியாளர் ஒருவர் அதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது.

இந்த இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மட்டக் குழாயில் தண்ணீர் நல்ல உயரம் ஏறுகிறது, ஆனால் வாளி நிரம்ப நேரமாகிறது என்றால், தெருவில் அழுத்தம் இருக்கிறது. உங்கள் குழாய்தான் எங்கோ அடைத்திருக்கிறது அல்லது குறுகலாக இருக்கிறது. மட்டக் குழாயிலேயே ஏறவில்லை என்றால் தெருவில் அழுத்தம் இல்லை. வீட்டுக் குழாயை மாற்றிப் பயனில்லை. 30 அடிக் குழாயை மாடிவரை தூக்கிப் பிடித்தும் வாயில் வழிந்தால் மகிழ்ச்சியோடு இறங்கி வாருங்கள், உங்கள் தெரு நல்ல தெரு. தண்ணீர் விட்டவுடன் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, நிறுத்தும் முன் ஒருமுறை என்று மூன்று தடவை அளந்தால் முழு உண்மை தெரியும்.

குடிநீர் வழங்கலுக்கான மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுக் கையேடு, ஒரு தள வீடுகள் உள்ள இடத்தில் தெருக்குழாயில் குறைந்தது 7 மீட்டர் உயரத்துக்கான அழுத்தமும், இரு தளத்துக்கு 12 மீட்டரும், மூன்று தளத்துக்கு 17 மீட்டரும் இருக்க வேண்டும் என்றது. ஆச்சி வீட்டில் கிடைத்தது இரண்டு மீட்டரைவிடச் சற்று அதிகம். நீங்கள் அளந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மனு எழுதும்போது தேவைப்படும்.

அடைப்பு எங்கே என்று தேடுவது

சிக்கல் உங்கள் குழாயில்தான் என்று தெரிந்தால், தெருவிலிருந்து உள்நோக்கி வாருங்கள். பலர் அடுப்படிக் குழாயைக் கழற்றுவதில் தொடங்கி வெளியே போகிறார்கள். அப்படிச் செய்தால் நாள் முழுவதும் ஓடிவிடும்.

தெருவின் பெரிய குழாயிலிருந்து உங்கள் வீட்டுக்குக் கிளை பிரியும் இடத்தில் ஃபெரூல் என்ற சிறு பித்தளை இணைப்பு இருக்கும். அதன் துளை அடைபட்டால் வீடு முழுவதும் பாதிக்கும். ஆனால் அதை நீங்களோ நானோ தொடக்கூடாது. சாலையைத் தோண்டுவதும் ஃபெரூலைத் திறப்பதும் உள்ளாட்சி அலுவலகத்தின் வேலை. எழுதிக் கொடுத்தால் ஆள் அனுப்புவார்கள்.

உங்கள் எல்லைக்குள் முதலில் வருவது, தண்ணீரைத் திறந்து மூடும் கேட் வால்வு. பழைய கேட் வால்வில் உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்று பாதியில் விழுந்துவிடும். வெளியே கைப்பிடி முழுதாகச் சுற்றும், உள்ளே வழி பாதிதான் திறந்திருக்கும். நான் பார்த்த அழைப்புகளில் இது அடிக்கடி வருவது. சந்தேகம் இருந்தால் வால்வையே மாற்றிவிடுங்கள். மீட்டர் இருந்தால் அதன் நுழைவாயில் ஒரு சல்லடை இருக்கும், மண்ணும் துருவும் அங்கே தங்கும். மீட்டருக்கு முத்திரை வைத்திருந்தால் அலுவலக ஆளை வைத்தே திறக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது இரும்புக் குழாய். முப்பது நாற்பது ஆண்டுக்கு முன் போட்ட, ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் என்றால், வெளியே வெள்ளி நிறமாக இருந்தாலும் உள்ளே நிலைமை வேறு. ஒரு வீட்டில் அறுத்து எடுத்த அரை அங்குலத் துண்டை இன்னும் என் பையில் வைத்திருக்கிறேன். வாயில் பார்த்தால், செங்கல் நிறத்தில் துரு புற்றுப் போல வளர்ந்து, நடுவில் ஒரு பென்சில் நுழையும் துளைதான் மிச்சம். அதைக் கையில் கொடுத்தால் எந்த வீட்டுக்காரரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. இப்படிப்பட்ட குழாயைத் தட்டியோ அமிலம் ஊற்றியோ சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஓட்டை விழும். மாற்றுவதுதான் வழி. மாற்றும்போது முதன்மைக் குழாயை ஒரு அங்குலமாகவும், கிளைகளை முக்கால் அங்குலமாகவும், குழாய் முனையில் மட்டும் அரை அங்குலமாகவும் போடுங்கள். அரையிலிருந்து முக்காலுக்கு மாறினாலே அதே அழுத்தத்தில் இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர் வரும்.

இங்கே ஒரு வேண்டுகோள். குழாய் மாற்றுகிறேன் என்று சொல்லி ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை உடைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெழுகிய பளிங்குச் சுவரில் காடி வெட்டவும் விடாதீர்கள். ஒருமுறை வெட்டிய பூச்சை அதே பளபளப்போடு ஒட்டவைக்கத் தெரிந்த கைகள் இன்று மிகக் குறைவு. பக்கத்துச் சந்து வழியாகவோ வெளிச்சுவரில் கிளாம்ப் போட்டோ குழாயைக் கொண்டுபோகலாம். வெயில் படும் இடத்தில் பி.வி.சி. குழாய் நாளடைவில் நொறுங்கும் என்பதால் மேலே பெயிண்ட் அடித்துவிடுங்கள். வெளியே தெரிகிற குழாய் அழகில்லை என்பவர்களுக்கு நான் சொல்வது, வெளியே ஓடினால் கசிவு அன்றே கண்ணில் படும். சுவருக்குள் கசிந்தால் சுண்ணாம்புச் சுவர் ஊறி உதிர்ந்த பிறகுதான் தெரியும்.

கடைசியாகத்தான் குழாய் முனை. ஒரே ஒரு குழாயில் மட்டும் வரத்து குறைவு என்றால் நேராக இங்கே வரலாம். முனையில் உள்ள வலையைத் திருகிக் கழற்றுங்கள். மணலும் வெள்ளை உப்புப் படிவும் இருக்கும். போர் தண்ணீர் கலந்து பயன்படுத்தும் வீடுகளில் இது சீக்கிரம் சேரும். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஓர் இரவு ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும்.

தெருக்குழாயில் நேராக மோட்டார் வேண்டாம்

இதை நான் அழுத்திச் சொல்கிறேன். தெரு இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது விதிப்படி தவறு. உள்ளாட்சி ஆட்கள் கண்டால் மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள், இணைப்பையே துண்டிக்கலாம். அது ஒருபுறம் இருக்கட்டும். நீங்கள் உறிஞ்சும் தண்ணீர் வானத்திலிருந்து வருவதில்லை. குழாயின் கடைசியில் இருக்கும் வீட்டுக்குப் போக வேண்டியது. அவர் பொறுக்க மாட்டாமல் தானும் ஒரு மோட்டார் வைப்பார். ஒரே ஆண்டில் தெரு முழுவதும் மோட்டார் ஓடும். யாருக்கும் முன்பு வந்த அளவுகூட வராது. இப்படி ஆன தெருக்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னும் மோசமானது சுகாதாரக் கேடு. மோட்டார் உறிஞ்சும்போது தெருக்குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே போகிறது. குழாயில் எங்கே மயிரிழை விரிசல் இருந்தாலும், சுற்றியுள்ள சாக்கடைத் தண்ணீரை அது உள்ளே இழுக்கும். அந்தத் தண்ணீர்தான் உங்கள் வீட்டுக் குடத்துக்கு வருகிறது. மோட்டார் இல்லாத வீட்டிலும் இதன் சிறு வடிவம் நடக்கும். ஓஸின் முனையை வாளித் தண்ணீருக்குள் மூழ்கவிட்டால், தெருவில் நிறுத்தியதும் வாளித் தண்ணீர் பின்னோக்கிக் குழாய்க்குள் போகும். அதனால் குழாயின் வாய்க்கும் பாத்திரத்தின் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவே எப்போதும் நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும்.

முகப்பில் ஒரு தரைத்தொட்டி

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்லும் தீர்வு இதுதான். வீட்டின் முன்பக்கத்தில், தெருமட்டத்துக்குக் கீழே, சம்ப் என்று சொல்லும் தரையடித் தொட்டி ஒன்றைக் கட்டுங்கள். மேட்டுக்கு ஏறாத தண்ணீர் பள்ளத்துக்கு மறுக்காமல் வரும். நிமிடத்துக்கு 5 லிட்டர் மட்டுமே வந்தாலும் இரண்டு மணி நேரத்தில் 600 லிட்டர் சேர்ந்துவிடும். யாரும் குடத்தோடு காவல் நிற்க வேண்டாம்; இரவு இரண்டு மணிக்கு விட்டாலும் தானே நிரம்பும்.

அளவு எப்படி முடிவு செய்வது? ஆள் ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது நகர்ப்புறக் கணக்கு. ஊரகத்தில் ஜல் ஜீவன் திட்டம் 2019இல் வகுத்தது 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 135 வீதம் 675 லிட்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் என்றால் 1350. கொஞ்சம் கூட்டி 2000 லிட்டர் என்று வையுங்கள். ஒன்றரை மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், உள்ளே தண்ணீர் நிற்கும் ஆழம் 1.2 மீட்டர் என்றால் 2160 லிட்டர் பிடிக்கும். இங்கே இன்னொன்றையும் நினைக்க வேண்டும். ஆண்டு முழுவதும் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் முன்னோருக்கு ஒரு படைப்பு, ஒரு கல்யாணம், ஒரு மணிவிழாச் சாந்தி என்று வந்தால் ஐம்பது அறுபது பேர் தங்குவார்கள். அதற்காகப் பத்தாயிரம் லிட்டர் தொட்டி கட்டாதீர்கள். தேங்கிய தண்ணீர் கெட்டுப்போகும். விசேஷத்துக்கு லாரித் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்படி மூடியை அகலமாக வைத்தால் போதும்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ தள்ளுங்கள். தொட்டியின் வாய் தரையைவிட அரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் தெருத்தண்ணீர் உள்ளே இறங்கும். உள்ளே வரும் குழாய் தொட்டியின் மேல்பகுதியில் முடியட்டும், நிரம்பிய தண்ணீர் அதைத் தொடக்கூடாது. நிரம்பியதும் தானே மூட, மிதக்கும் பந்து உள்ள ஒரு வால்வு. மூடி கொசு நுழையாதபடி இறுக்கமாக. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். ஆனால் மூடியே கிடந்த தொட்டிக்குள் யாரையும் உடனே இறக்காதீர்கள். உள்ளே மூச்சுவிடக் காற்று இல்லாமல் போகலாம். இறங்கியவர் மயங்க, காப்பாற்றப் போனவரும் மயங்கி உயிரிழந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். மூடியைத் திறந்து நீண்ட நேரம் காற்றாட விட்டு, வெளியே ஓர் ஆள் நிற்க, இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும். சிறிய தொட்டி என்றால் மேலே நின்றபடியே நீண்ட கைப்பிடி துடைப்பத்தால் தேய்த்து, அடித்தண்ணீரை மோட்டாரால் இறைத்துவிடலாம்.

மேலே ஏற்றுவது

இப்போது மோட்டார் வாங்கலாம். உங்கள் தொட்டியிலிருந்து உங்கள் தண்ணீரை எடுப்பதால் யாருக்கும் நட்டமில்லை. இரண்டு மாடி வரைக்கும் அரைக் குதிரைத்திறன் பெரும்பாலும் போதும். கடையில் குதிரைத்திறனை மட்டும் கேட்காமல், மோட்டாரின் தகட்டில் எத்தனை மீட்டர் உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். உறிஞ்சும் குழாயின் அடியில், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் நல்ல ஃபுட் வால்வு வேண்டும். தொட்டி வறண்டால் தானே நிற்கும் சுவிட்ச் வையுங்கள், வெறுமனே ஓடினால் ஒரே நாளில் மோட்டார் எரியும். ஈரமான இடம் என்பதால் எர்த் இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம்.

மேல்தொட்டியை எங்கே வைப்பது என்பதுதான் இந்த ஊரில் கடினமான கேள்வி. 1000 லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன் எடை. ஓட்டுக்கூரையில் வைக்க முடியாது. மரச்சட்டமும் செங்கல்லும் சுண்ணாம்பும் தாங்கும் பழைய மெத்தைத் தளத்தின் நடுவில் வைப்பதும் ஆபத்து. சுவர் நேர் கீழே இறங்கும் இடத்தில் வைக்கலாமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். நான் விரும்புவது பின்கட்டுத் தோட்டத்தில் தனியாக நான்கு கால் நிறுத்தி அதன்மேல் வைப்பது. வீட்டுக்குப் பாரமில்லை, முகப்பின் அழகும் கெடாது.

உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தொட்டியின் அடி, ஷவருக்கு மேலே எத்தனை அடி இருக்கிறதோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் அழுத்தம். பத்தடி என்றால் 0.3 பார், குளிக்கத் தாராளம். தளத்தின்மேல் அப்படியே வைத்துவிட்டால் ஷவருக்கு மூன்று நான்கு அடிதான் மிஞ்சும், தலையில் சொட்டும். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் ஒன்றேகால் அங்குலத்தில் தொடங்கட்டும். இறங்கியதும் ஒரு காற்றுப்போக்கிக் குழாயை மேலே திறந்த வாயோடு விடுங்கள். அது இல்லாத வீடுகளில் தொட்டி ஒருமுறை காலியானால் குழாயில் காற்று அடைத்துக்கொண்டு, தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் கீழே வராது. அப்படி அடைத்தால், நன்றாக வரும் குழாயையும் வராத குழாயையும் ஓஸ் மூலம் இணைத்து இரண்டையும் திறந்துவிடுங்கள். எதிர்த்திசையில் தள்ளிக் காற்று வெளியேறிவிடும்.

உயரம் கிடைக்கவே இல்லை என்றால், மேல்தொட்டிக்கும் குழாய்களுக்கும் நடுவே சிறிய பிரஷர் பம்ப் வைக்கலாம். குழாய் திறந்தால் ஓடும், மூடினால் நிற்கும். மின்சாரம் போனால் அதுவும் போகும் என்பதால், பம்ப் வழியாகப் போகாமல் தண்ணீர் இறங்கப் பக்கவழி ஒன்று விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள்.

மழையை விட்டுவிடாதீர்கள்

இந்த வீடுகளைக் கட்டியவர்கள் நான்கு பக்கக் கூரைத் தண்ணீரையும் வளவு முற்றத்துக்குக் கொண்டுவந்து அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்தார்கள். மிச்சம் கிணற்றுக்கும் ஊரணிக்கும் போனது. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர். ஒரே ஒரு நல்ல மழை. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அடுத்ததைத் துணி வடிகட்டி தனித் தொட்டியில் பிடித்தால், துணி துவைக்கவும் கழிப்பறைக்கும் ஆகும். கிணற்றுத் தண்ணீரையும் போர் தண்ணீரையும் தெருத் தண்ணீர்க் குழாயோடு ஒரு வால்வு மட்டும் வைத்து இணைக்காதீர்கள். தனிக் குழாயாக இருக்கட்டும்.

தெருவில்தான் குறை என்றால்

தொட்டி கட்டிவிட்டோம் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. தெருவில் அழுத்தம் இல்லாதது உங்கள் ஒருவருடைய பிரச்சினை அல்ல. தொட்டி கட்ட வசதி இல்லாத வீடுகளும் அதே குழாயில்தான் இருக்கின்றன. நாலைந்து வீட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, எல்லோர் வீட்டிலும் மட்டக் குழாயால் அளந்து, எண்ணோடு மனு எழுதுங்கள். "தண்ணீர் சரியாக வரவில்லை" என்ற மனுவுக்கு "பார்க்கிறோம்" என்ற பதில்தான் வரும். எண் இருந்தால் ஆள் வருவார். மாநகராட்சி, பேரூராட்சி என்றால் அலுவலகத்தில் கொடுக்கலாம். முதல்வரின் முகவரி உதவி எண் 1100இலும் பதியலாம். ஊராட்சி என்றால் கிராம சபை இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு கூட்டங்களில் ஒன்று உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று நடக்கிறது.

ஆச்சி வீட்டுத் தெருவுக்கு நாங்கள் எழுதிய மனுவின் நடையை அப்படியே தருகிறேன், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்:

"எங்கள் தெருவில் காலை 6 மணி முதல் 8 மணி வரை தண்ணீர் விடப்படுகிறது. 6.15, 7.00, 7.45 ஆகிய நேரங்களில் ஐந்து வீடுகளில் அளந்தோம். தெருமட்டக் குழாயிலிருந்து தண்ணீர் ஏறும் உயரம் தெருவின் தொடக்கத்தில் 15 அடி, நடுவில் 11 அடி, கடைசி வீட்டில் 7 அடி. தொடக்கத்துக்கும் கடைசிக்கும் இவ்வளவு வேறுபாடு இருப்பதால், நடுவே கசிவோ பாதி மூடிய வால்வோ நேரடி மோட்டார் இணைப்போ இருக்கலாம் என்று கருதுகிறோம். தெருக்குழாயைச் சோதித்துச் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

கீழே எல்லோரும் கையொப்பமிட்டு இரண்டு படிகள் எடுங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள்.